ஹாரி கல்யாணத்துக்கு எங்கள் தெருவில் விருந்து: என்ன எடுத்துப் போவது? வின்ட்சர் போகலாமா?

ரெடிங்_மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங் வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2018 மே 19 சனிக்கிழமை இளவரசர் ஹாரிக்கும் மேகனுக்கும் கல்யாணம் நடக்கிற அன்று எங்கள் தெருவில் விருந்து வைக்கிறார்கள். எதிர்வீட்டுப் பாட்டிதான் முன்னால் நின்று எல்லாம் செய்கிறார், கவுன்சிலுக்கு எழுதிப் போட்டு அன்றைக்குச் சாலையை மூட அனுமதியும் வாங்கிவிட்டார். எல்லா வீட்டுக் கதவிலும் ஒரு சீட்டு போட்டிருந்தார்கள். நாற்காலி அவரவர் கொண்டுவர வேண்டும், ஒரு பதார்த்தம் எல்லோருக்கும் பொதுவாகச் செய்து வர வேண்டும், அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருக்கிறார்கள். அத்தை சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்து சலித்துப் போனவர், விருந்து என்றதும் ஒரே குஷி. எந்தப் புடவை கட்டுவது, மொய் எவ்வளவு வைப்பது என்று தினமும் கேட்கிறார். மாமா நேர் எதிர். "இவங்க கொள்ளுத்தாத்தன் நம்மள ஆண்டான், கொள்ளுப்பேரன் கல்யாணத்துக்கு நாம வடை சுட்டுக் குடுக்கோணுமா?" என்கிறார். என் கணவருக்கோ வேறு ஆசை, கல்யாணம் நடக்கிற வின்ட்சர் ரெடிங்கிலிருந்து பக்கம்தானே, ரயில் ஏறிப் போய் நேரிலேயே ஊர்வலத்தைப் பார்த்துவிடலாம், இந்த வாய்ப்பு இனி வராது என்று நிற்கிறார். கூட ஐந்து வயதுப் பையன் வேறு.

இதற்கு முன் இப்படி விருந்துக்குப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். என்ன சமைத்தால் இவர்கள் சாப்பிடுவார்கள், அத்தை அங்கே எதைச் சாப்பிடலாம், எத்தனை மணிக்குப் போக வேண்டும்? இல்லை, வின்ட்சருக்கே போய்விடலாமா?

ஹாரோ_அக்கா:

தங்கச்சி, பயப்பட ஒன்றுமில்லை. 2011 ஏப்ரல் 29, ஹாரியின் அண்ணன் வில்லியம்–கேட் கல்யாணத்துக்கு எங்கட தெருவில் இதே மாதிரி செய்தோம், நான் மேசை பிடிக்கிற குழுவில் இருந்தவள். அது வெள்ளிக்கிழமை, அரசாங்கம் பொது விடுமுறை விட்டது. அதற்கு முதல் வாரம்தான் ஈஸ்டர், அடுத்த திங்கள் மே மாத விடுமுறை, நடுவில் மூன்று நாள் லீவு போட்டவர்களுக்கு 11 நாள் சேர்ந்து கிடைத்தது. அதனால் பாதித் தெரு வெளிநாடு போய்விட்டது, மீதிப் பேர்தான் விருந்துக்கு வந்தோம். இந்த முறை சனிக்கிழமை என்பதால் தனி லீவு இல்லை. ஆட்கள் வீட்டில்தான் இருப்பார்கள், கூட்டம் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

நேரத்தைப் பற்றி. சீட்டில் மணி போடாவிட்டாலும் டிவிதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். சர்ச் சடங்கு பகல் 12 மணிக்கு, வின்ட்சர் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் ஜார்ஜ் சேப்பலில். ஒரு மணிக்குக் குதிரை வண்டியில் ஏறி வின்ட்சர் ஊரைச் சுற்றி வருவார்கள். அது முடிகிற மட்டும் ஒருவரும் வெளியில் வரமாட்டார்கள், அதற்குப் பிறகுதான் தட்டோடு கதவு திறக்கும். 2011இலும் பக்கிங்ஹாம் அரண்மனை மாடியில் முத்தம் கொடுக்கிற வரை தெரு வெறிச்சோடிக் கிடந்தது, அது முடிந்த கையோடு வாங்கில்களும் மேசைகளும் வெளியே வந்துவிட்டன. வின்ட்சரில் அந்த மாடி இல்லை, ஊர்வலத்தோடு சரி. ஆகவே ஒன்றரை இரண்டு மணிக்கு நீங்கள் சாப்பாட்டோடு போனால் போதும். ஆனால் மேசை போடவும் தோரணம் கட்டவும் காலையிலேயே கை தேவைப்படும். பத்து மணிக்கு உங்கள் கணவரை அனுப்புங்கோ, ஏணி பிடிக்கிற ஆளை அந்தத் தெரு அதற்குப் பிறகு மறக்காது.

டிவியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம், எதிர்வீட்டுப் பாட்டியை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கோ, இல்லாவிட்டால் அவர் கூப்பிட்டால் போங்கோ. எங்கட பக்கத்து வீட்டுக் கிழவி அப்படித்தான் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். யார் எந்த டியூக், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்தத் தொப்பி எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார், டிவி வர்ணனையை விட அது நல்லாக இருந்தது. கல்யாண வீட்டில் புடவையையும் நகையையும் பார்க்கிற உங்கள் மாமியாருக்கு இதில் ஒரு மொழிப் பிரச்சினையும் வராது.

பட்டுப் புடவை தாராளமாகக் கட்டட்டும். எல்லோரும் ஜீன்ஸில்தான் வருவார்கள், ஆனாலும் பட்டைப் பார்த்தால் சுற்றி நின்றுகொண்டு தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். மேலுக்கு ஒரு கார்டிகன் கட்டாயம், மே மாத வெயிலை நம்பக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மேசையில் பெரிய ஜாடியில் ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, வெள்ளரிக்காய், புதினா எல்லாம் மிதக்க ஒரு சிவப்புப் பானம் இருக்கும். பார்த்தால் பழ சர்பத். அது பிம்ஸ் என்கிற சாராயம், லெமனேட் ஊற்றிக் கலக்கியிருப்பார்கள், இனிப்பாக வேறு இருக்கும். அத்தை இரண்டு கிளாஸ் குடித்த பிறகு தெரிய வந்தால் வீட்டில் யுத்தம்தான்.

சமையல்கட்டு_லெஸ்டர்:

சாப்பாட்டு விஷயம் நான் சொல்கிறேன்.

தட்டில் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிற எதுவும் வேண்டாம். ஒரு கையில் கோப்பை, மறு கையில் காகிதத் தட்டு, நின்றுகொண்டே பேசுவார்கள். கையால் எடுத்து இரண்டு கடியில் முடிகிற பண்டம்தான் போகும். மசால் வடை, வெஜிடபிள் கட்லட், குட்டி சமோசா, இலங்கைக் கடை பக்கத்தில் இருந்தால் ரோல்ஸ். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள், கூடவே ஒரு கிண்ணத்தில் மாங்காய்ச் சட்னி, கடையில் விற்கிற இனிப்புச் சட்னிதான், அது அவர்களுக்குப் பழக்கமானது. சாதம் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அத்தை நின்றால் புளியோதரை. தயிர்சாதம் வேண்டாம், வெயிலில் புளித்துப் போகும், அதோடு குளிர்ந்த சோற்றில் தயிர் என்றாலே இவர்களுக்குக் கொஞ்சம் திகைப்பு. சோறு விஷயத்தில் இங்குள்ளவர்கள் பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது, வடித்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த கையோடு பரத்தி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, பரிமாறும்போது வெளியே எடுங்கள். குளிர்ந்த உணவை வெளியே 4 மணி நேரம் வரை வைக்கலாம், சூடான உணவு என்றால் 2 மணி நேரம்தான்.

பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். முந்திரி, எள் என்றால் எல்லோருக்கும் தெரியும், கடுகை நாம் மறந்துவிடுவோம். இங்கே கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் உண்டு, நம் தாளிப்பு முழுக்க அதுதான். வீட்டு விருந்துக்குச் சட்டம் ஒன்றும் கேட்காது, ஆனாலும் எழுதி வைப்பது நல்லது.

இனி அத்தை என்ன சாப்பிடலாம். வெள்ளரிக்காய் சாண்ட்விச், வெண்ணெய் தடவியது, பிரச்சினை இல்லை. கோல்ஸ்லா என்கிற முட்டைக்கோஸ் சாலட், முட்டை சாண்ட்விச் இருக்கிற தட்டுப் பக்கம் போக வேண்டாம், கோல்ஸ்லாவிலும் மயோனைஸ் இருக்கும், மயோனைஸ் என்றால் முட்டை. விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக்கில் முட்டை உண்டு. கீஷ் என்று ஒன்று வட்டமாகப் பை போல இருக்கும், சைவம் என்பார்கள், அதுவும் முட்டையில் செய்ததுதான். ஸ்கோன் என்கிற குட்டி பன்னில் பெரும்பாலும் மாவும் வெண்ணெயும் பாலும்தான், ஆனால் சிலர் மாவிலேயே முட்டை சேர்ப்பார்கள், சிலர் மேலே பளபளப்புக்குத் தடவுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரைஃபிள், ஜெல்லி, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, இவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பும் தோலும். "வெஜிடேரியனா?" என்று கேட்டால் போதாது, இவர்கள் கணக்கில் முட்டை சைவம். முட்டை இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஸ்ட்ராபெரியும் கிரீமும் எப்படியும் இருக்கும், அத்தைக்கு அது போதும்.

மேசையில் மஞ்சளாக ஒரு கோழி சாலட் கண்டிப்பாக இருக்கும், கொரோனேஷன் சிக்கன். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விருந்துக்காக கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் ரோஸ்மேரி ஹியூமும் உருவாக்கியது. மயோனைஸ், ஆப்ரிகாட், கறிப்பொடி. உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள், இவர்கள் ராணிக்கு முடிசூட்டிய சாப்பாட்டிலேயே கறிப்பொடி போட்டார்கள் என்று. ருசி எப்படி என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. ரமலான் அந்த வாரம்தான் தொடங்குகிறது, 16 அல்லது 17. தெருவில் முஸ்லிம் குடும்பம் இருந்தால் அவர்கள் விருந்துக்கு வந்தாலும் பகலில் சாப்பிடமாட்டார்கள், பொழுது சாய்வதற்கே இரவு 9 மணி ஆகும். பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, சமோசாவோ கேக்கோ ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

குடியரசுக்காரன்:

மாமாவுக்கு என் முழு ஆதரவு. 😀 சடங்கு, பூ, விருந்துச் செலவை அரச குடும்பமே பார்த்துக்கொள்கிறது என்று அறிவித்துவிட்டார்கள், சரி. போலீசும் பாதுகாப்பும் யார் பணம்? நாம் கட்டுகிற வரி. அதைச் சொன்னால் கொண்டாட்டத்தைக் கெடுக்கிறவன் என்பார்கள்.

அதைவிட வேடிக்கை, கோட்டை வளாகத்துக்குள் 2,640 பேரை அழைத்திருக்கிறார்கள், அதில் 1,200 பேர் நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த சாதாரண மக்கள். அவர்களிடம் மதியச் சாப்பாடு நீங்களே கட்டிக்கொண்டு வாருங்கள், உள்ளே வாங்க எதுவும் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டுவிட்டு கட்டுச்சோறு கொண்டுவா என்கிற கல்யாணத்தை நம் ஊரில் எங்காவது பார்த்ததுண்டா? மாமாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், அவர் அன்றைக்கு முழுக்க இதைப் பேசியே பொழுதைப் போக்கிவிடுவார்.

ஸ்லௌ_ரயில்:

வின்ட்சர் பற்றி நான் சொல்கிறேன், பக்கத்திலேயே இருக்கிறேன்.

சாதாரண நாளில் ரெடிங்கிலிருந்து ஸ்லௌவுக்குக் கால் மணி நேரம், அங்கே மாறி ஒரு குட்டி ரயிலில் 6 நிமிடம், கோட்டை வாசலில் இறங்கலாம். அன்றைக்கு அது சாதாரண நாள் இல்லை. ஒரு லட்சம் பேருக்கு மேல் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தக் குட்டி ரயிலை நம்பித்தான் ரெடிங், பிரிஸ்டல், பேடிங்டன் பக்கத்துக் கூட்டம் அத்தனையும் ஸ்லௌவில் வந்து நிற்கப் போகிறது. ஊருக்குள் போகும் வழியில் விமான நிலையம் மாதிரி சோதனை. முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்றால் விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும். அவ்வளவும் பட்டு நீங்கள் பார்ப்பது என்ன? திறந்த வண்டி, அஸ்காட் லாண்டோ என்பார்கள், நான்கு வெள்ளைக் குதிரை, உங்கள் முன்னால் கடந்து போக சில விநாடி. ஊர்வலம் மொத்தமே 25 நிமிடம்தான். மழை என்றால் மூடிய வண்டிக்கு மாறிவிடுவார்கள், கை அசைவது கண்ணாடி வழியாகத் தெரியும்.

ஐந்து வயதுப் பையன், மாமியார், மாமனார், நான்கைந்து மணி நேரம் நின்றபடி, கழிப்பறை வரிசை வேறு. வேண்டாங்க. உங்கள் கணவர் தனியாகப் போவதென்றால் தாராளமாகப் போகட்டும், லாங் வாக் என்கிற அந்த நீண்ட புல்வெளிப் பாதையில் இடம் நிறைய உண்டு, பெரிய திரைகளும் வைக்கிறார்கள், நல்லாகத்தான் இருக்கும். ஆனால் குடும்பத்தோடு என்றால் விருந்துக்குப் போங்கள், வின்ட்சரை ஜூன் மாதம் பாருங்கள். கோட்டைக்கு வாங்குகிற டிக்கெட்டிலேயே சேப்பலையும் பார்க்கலாம், ஞாயிறு மட்டும் போகாதீர்கள், அன்று சேப்பல் வழிபாட்டுக்கு மட்டும்தான். பழைய இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார், ஆறு கல்யாணம் செய்தவர். அவர் மேலேதான் இவர்கள் நடந்து போய்க் கல்யாணம் செய்கிறார்கள், எனக்கு என்னமோ சகுனம் சரியாகப் படவில்லை.

ஹாரோ_அக்கா:

@குடியரசுக்காரன் தம்பி, வரிப் பணம் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதில் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் தெரு விருந்தை அரசர் வீட்டுக் கணக்கில் எழுதாதீங்கோ. முதல் உலகப் போர் முடிந்து 1919இல் சமாதானத்தைக் கொண்டாடப் பிள்ளைகளுக்குத் தெருவில் நீள மேசை போட்டுத் தேநீரும் பலகாரமும் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் இந்த வழக்கம் வந்தது. முடிசூட்டு, கல்யாணம், ஜூபிலி எல்லாம் அதற்குப் பிறகு அதில் வந்து ஒட்டிக்கொண்டவை. அரச குடும்பத்தைப் பிடிக்காத ஒருவர் எங்கட தெருவிலும் இருக்கிறார், 2011இல் அவர்தான் பார்பிக்யூ போட்டார். ஒவ்வொரு சாசேஜையும் திருப்பும்போது ஒரு திட்டு.

மருமகள் தங்கச்சி, மொய் விஷயத்துக்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருக்கிறது, மாமாவுக்கும் சேர்த்து. ஹாரியும் மேகனும் பரிசு வேண்டாம், விரும்பினால் நாங்கள் சொல்கிற ஏழு அறக்கட்டளைகளுக்குக் கொடுங்கள் என்று போன மாதமே அறிவித்துவிட்டார்கள். அதில் ஒன்று மும்பையில் இருக்கிற மைனா மஹிளா பவுண்டேஷன். சேரிப் பெண்களுக்கு மாதவிடாய் கால நாப்கின் செய்து விற்கும் வேலை கொடுக்கிற அமைப்பு. அத்தை மொய் வைத்தே ஆக வேண்டும் என்றால் அங்கே அனுப்பட்டும், 101 ரூபாயாகவே இருக்கட்டும்.

மாமாவுக்கு இது. 1947 நவம்பர் 20இல் எலிசபெத் ராணிக்குக் கல்யாணம். இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம்தான். அந்தக் கல்யாணத்துக்குக் காந்தி பரிசு அனுப்பினார், தன் கையால் நூற்ற நூலில் பின்னிய துணி, நடுவில் "ஜெய் ஹிந்த்". ராணியின் பாட்டி மேரி அதைக் கோவணத் துணி என்று நினைத்து முகம் சுளித்தாராம். ஆக, காந்தியே மொய் வைத்த வீடு இது, அதுவும் ஜெய் ஹிந்த் என்று எழுதி வைத்தார். மாமா வடை சுடத் தேவையில்லை, வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தால் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. ரேஷன் காலம், மணப்பெண் உடைக்கே கூப்பன் வேண்டியிருந்தது. நாட்டிலுள்ள பெண்கள் தங்கள் துணிக் கூப்பனை இளவரசிக்கு அனுப்பிவைத்தார்கள், மற்றவர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற அனுபவம் உங்கள் மாமாவுக்கும் இருக்கும், இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்.

செல்சி_நீலம்:

ஒரு முக்கியமான தகவலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அன்று மாலை 5:15க்கு வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், செல்சியும் மான்செஸ்டர் யுனைடெட்டும். மாப்பிள்ளைத் தோழன் வில்லியம்தான், கால்பந்து சங்கத் தலைவரும் அவரே, அதனால் கோப்பையைக் கொடுக்க இந்த வருடம் அவர் வரமாட்டார். எது பெரிது என்று அவருக்கே தெரியவில்லை, என்ன சொல்ல. ஐந்து மணிக்குத் தெருவில் ஆண்கள் பாதிப் பேர் காணாமல் போவார்கள், அது அவமரியாதை இல்லை, பயப்படாதீர்கள். மேசை மடக்குகிற வேலையை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

ரெடிங்_மருமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை.

வின்ட்சர் இல்லை என்று முடிவாகிவிட்டது. குட்டி ரயில் விஷயத்தைப் படித்துக் காட்டினேன், கணவர் அடங்கிவிட்டார். எட்டாம் ஹென்றி கதையில் அத்தைக்கும் திருப்தி. மொய்க்கு மைனா மஹிளா. அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ரசீது கொடுப்பார்களா என்று. மாமா காந்தி கதையை நம்பவில்லை, பெரியவனுக்குப் போன் போட்டு இணையத்தில் தேடச் சொன்னார், அவனும் உண்மைதான் என்றான். இப்போது மொட்டை வெயிலில் உட்கார முடியாது, தொப்பி வேண்டும் என்கிறார், வருகிறார் என்றுதான் அர்த்தம். கட்டுச்சோறு செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டது, @குடியரசுக்காரன் அண்ணா, வாக்கிங் போகிற பூங்காவில் பார்க்கிற குஜராத்திக்காரர் ஒருவரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

மசால் வடையும் கட்லட்டும் செய்கிறோம். கடலைப்பருப்பு வடையில் கடுகு இல்லை, சோம்புதான், அதைச் சீட்டில் எழுதிவிடுகிறேன். பாட்டியிடம் ரமலான் பற்றிச் சொன்னேன், தெருக்கோடி வீட்டில் ஒரு பாகிஸ்தான் குடும்பம் இருக்கிறதாம், அவருக்குத் தோன்றவே இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டிவி பார்க்க அவர் வீட்டுக்கே எங்கள் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டார். லெமனும் எல்டர்ஃபிளவர் என்கிற பூவின் பாகும் சேர்த்த கேக் செய்கிறாராம், அரண்மனைக் கல்யாண கேக்கும் அதுதான் என்றார். முட்டை இல்லாமல் ஒன்று தனியாகச் செய்ய முடியுமா என்று என்னிடமே செய்முறை கேட்கிறார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். காகிதத் தட்டு, கப் எல்லாம் யார் வாங்குவது என்றும் தெரியவில்லை.

சமையல்கட்டு_லெஸ்டர்:

முட்டைக்குப் பதில் தயிர். ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர், பேக்கிங் சோடாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், எலுமிச்சைச் சாறும் இருப்பதால் நன்றாகவே உப்பும். எல்டர்ஃபிளவர் கார்டியலை, அதாவது அந்தப் பூப் பாகை, கேக் சூடாக இருக்கும்போதே மேலே ஊற்றச் சொல்லுங்கள். அதே கார்டியலைச் சோடாவில் கலந்து ஒரு ஜாடி வைத்தால் பிம்ஸ் குடிக்காதவர்களுக்கும் ஆச்சு, அத்தைக்கும் ஆச்சு. ஜாடியில் பெயர் எழுதி ஒட்ட மறக்காதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கப் போகிறது.

ஹாரோ_அக்கா:

தட்டு, கப் எல்லாம் கூப்பிட்டவர்தான் வாங்குவார், ஆனாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு பிரிப்பார்கள், கேட்டுக் கொடுத்துவிடுங்கோ. குப்பைப் பை இரண்டு சுருள் நீங்கள் எடுத்துப் போங்கோ, அதை ஒருவரும் கொண்டுவருவதில்லை.

பிறகு கார். வெள்ளிக்கிழமை இரவே பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கோ. சனி காலை தடுப்பு வைத்துவிட்டால் மாலை வரை எடுக்க முடியாது, பிள்ளைகள் ஓடுகிற தெருவில் காரை எடுக்கவும் விடமாட்டார்கள். பையனுக்கு ஏதாவது கிளாஸ், நீச்சல் இருந்தால் அன்றைக்கு நடந்துதான் போக வேண்டும்.